எஞ்சினுக்கு மிகைக் காற்று



மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோலால் என்றே எல்லோரும் விடை கூறுவர். அது பாதி விடைதான். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிய வேண்டுமானால், எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே எஞ்சின் உட்கொள்ளும் உணவில் சோறு காற்று. பெட்ரோல் அதன்மேல் ஊற்றும் குழம்பு. குழம்பை வேண்டிய மட்டும் ஊற்றலாம். ஒரு பம்பு இருந்தால் போதும். சோற்றை மிகுதியாகப் பெறுவதுதான் அரிது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. அக்குறையை நிரப்ப வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே பாய்கிறது. வாயுமண்டலம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே கிடைக்கும். அதற்குமேல் ஒரு பிடியும் கிடைக்காது.

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால், சிலிண்டர்கள் முழுக்க நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும், அது இழுக்கும் காற்று 4,800 லிட்டர். இதனை அதிகமாக்க வழிகள் மூன்று. எஞ்சினைப் பெரிதாக்கலாம்; இன்னும் வேகமாகச் சுற்றவிடலாம்; அல்லது காற்றை வெளியிலிருந்து அமுக்கித் திணிக்கலாம். மூன்றாவது வழியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். குறிப்பாக, அந்தச் சாதனத்தைக் கடையிலே வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் தாமே காரில் பூட்டிக்கொள்ளும் வேலையைப் பற்றி.

காற்றைத் திணிக்க ஒரு விசிறி வேண்டும். அந்த விசிறியைச் சுழற்ற விசை வேண்டும். எஞ்சினிலிருந்தே பட்டை போட்டு அவ்விசையை எடுத்தால், பெறும் சக்தியில் ஒரு பகுதியை விசிறிக்கே திருப்பிக் கொடுக்க நேரிடும். எஞ்சின் வீணாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிப் போகிறது. அந்தக் கழிவு வாயுவின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால் டர்போசார்ஜர் ஆயிற்று. சக்கரங்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஆயினும் அவை நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன.

இந்த எண்ணத்துக்கு 1905ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். 1918இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், ‘லிபர்ட்டி’ என்னும் விமான எஞ்சினைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏற்றிச் சென்றார். அங்கே உயரம் 14,000 அடிக்கு மேல். காற்று மிக மெலிந்தது. தரையில் 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் அங்கே 230தான் தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியபின் 356 தந்தது. மலையுச்சியில் இழந்த மூச்சை எஞ்சின் தன் புகையினாலேயே மீட்டுக்கொண்டது. அடுத்த பத்தாண்டில் இது கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்குச் சென்றது. சாதாரணப் பயணக் காருக்குள் நுழையவோ 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏன் அவ்வளவு தாமதம் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இப்பொழுது நம் வேலைக்கு வருவோம். அமெரிக்காவில் குறிப்பிட்ட கார்களுக்கென்றே டர்போசார்ஜர் தொகுதிகள் விற்கப்படுகின்றன. பெட்டியைத் திறந்தால் டர்போசார்ஜர், அதைத் தாங்கும் வார்ப்பிரும்புக் குழாய்க்கிளை, எண்ணெய்க் குழாய்கள், நீர்க் குழாய்கள், காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் போன்ற அமைப்பு, ரப்பர் இணைப்புகள், பட்டைகள், நட்டுகள் ஆகிய எல்லாம் இருக்கும். கூடவே ஒரு புத்தகம். நான் மிச்சிகன் மாகாணத்தில் தங்கியிருந்த காலத்தில், நண்பர் ஒருவர் தம்முடைய பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இத்தகைய தொகுதியைப் பூட்டினார். விளக்குப் பிடிப்பதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் என் பங்கு. அந்த வேலையின் வழியாகவே இதை விளக்குகிறேன்.

அதற்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். காரின் புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளைக் கழற்றி எறிவதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியாவிலோ, மாகாணத்தின் காற்று வள வாரியம் சோதித்து எண் வழங்கிய தொகுதியை மட்டுமே சாலையில் ஓடும் காரில் பூட்டலாம். நம் நாட்டில் நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே நான் கூறப்போவதைக் கேட்டுவிட்டு, அப்பாவின் காரைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள்!

எம்எக்ஸ்-5 என்பது 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்ட இருவர் அமரும் சிறிய திறந்த கார். நான்கு சிலிண்டர், 1,597 கன சென்டிமீட்டர், அமெரிக்காவில் விற்றதன் சக்தி 116 குதிரை. சிலிண்டரில் நிரம்பிய கலவையைப் பிஸ்டன் 9.4இல் ஒரு பங்காக அமுக்குகிறது. இந்த 9.4 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே எஞ்சினின் நெருங்கிய உறவினர் ஒன்றை, மாஸ்டா கம்பெனியே டர்போசார்ஜருடன் 323 என்ற காரில் வைத்து விற்றது. அதில் அந்த எண் 7.9தான். காற்றை வெளியே முன்கூட்டி அமுக்கினால் உள்ளே அமுக்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தொழிற்சாலை எஞ்சினியர்கள் கருதி, பிஸ்டனையே மாற்றிவிட்டார்கள். வீட்டில் தொகுதி வாங்கிப் பூட்டுபவர் பிஸ்டனை மாற்றுவதில்லை. அவருடைய இடர் முழுவதும் இந்த வேறுபாட்டிலே அடங்கியிருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டுவது பொறுமையுள்ள எவருக்கும் கைகூடும். கூடுதலாக வந்த காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலையும் தீப்பொறியையும் வெப்பத்தையும் கணக்கு வைப்பதே உண்மையான வேலை.

நண்பர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மானியை வைத்துப் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால்தான் மேலே செல்லலாம். ஒரு சிலிண்டர் மட்டும் தளர்ந்திருந்தால், அது வளையமோ வால்வோ தேய்ந்ததன் அறிகுறி. மூச்சிரைக்கும் நோயாளியின் தலையில் மூட்டையை ஏற்றுவார் உண்டோ?

பிறகு காரை ஜாக்கியால் தூக்கி, நான்கு மூலைகளிலும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் புகுந்து மாண்டவர் பலர். மின்கலத்தின் கம்பியைக் கழற்றினார். தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். பெட்ரோல் குழாயைத் திறக்கும் வேலை வரும் என்பதனால் கொட்டகையின் கதவு மூடப்படவேயில்லை. மிச்சிகன் குளிரில் அது சுகமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை.

பழைய புகைக் கிளைக்குழாயைக் கழற்றுவதில் ஒரு பகல் முழுதும் சென்றது. அந்நாட்டில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அதன் பயனாக ஒவ்வொரு நட்டும் துருப்பிடித்துத் தன் மரையோடு ஒன்றிப்போயிருக்கும். வலிந்து திருகினால் போல்ட்டு முறிந்து சிலிண்டர் தலைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும். முதல் நாள் மாலையே துருநீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் சிறிது சூடேற்றி, முன்னும் பின்னுமாகக் கால் திருப்பம் கால் திருப்பமாக ஆட்டி எடுத்தார். புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அடுத்தது எண்ணெய். டர்போசார்ஜரின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கிறது. எஞ்சினின் எண்ணெய் பம்பிலிருந்து ஒரு சிறு குழாய் அதற்கு எண்ணெயைக் கொண்டு செல்லும். இவ்வரவு எளிது. எண்ணெய் திரும்பிப் போகும் வழிதான் தொல்லை. உள்ளே நுழையும்போது அழுத்தத்துடன் இருக்கும் எண்ணெய், வெளியே வரும்போது நுரைத்து வலுவிழந்து விழுகிறது. தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். ஆகவே வடிகுழாய் அகலமாக இருக்க வேண்டும். எங்கும் மேடு பள்ளமின்றிச் சரிந்தே செல்ல வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இதில் தவறினால் எண்ணெய் தேங்கி, அச்சின் அடைப்பு வளையங்களைத் தாண்டிப் புகைக்குழாயில் கசியும். கார் நீலப் புகை கக்கும். டர்போசார்ஜர் கெட்டுவிட்டது என்று பலர் புதிதாக ஒன்று வாங்குவார்கள். குற்றம் குழாயின் வளைவிலே இருக்கும்.

பல தொகுதிகளில் இந்த வடிகுழாய்க்காக எண்ணெய்த் தொட்டியைத் துளைத்து மரை போட வேண்டியிருக்கும். துளைக்கும்போது உதிரும் உலோகத் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் தாங்கிகளை அரித்துவிடும். துளைப்பானின் நுனியில் கிரீஸை அப்பிக்கொண்டால் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். சிறிது துளைத்தல், எடுத்துத் துடைத்தல், மீண்டும் கிரீஸ். முடித்தபின் மலிவான எண்ணெயை ஊற்றிக் கழுவி வடித்துவிட வேண்டும். ஆனால் தொட்டியையே கழற்றிக் கீழே இறக்கித் துளைப்பதுதான் மேலான வழி என்பது என் கருத்து. நேரம் இரட்டிப்பாகும், இரவில் தூக்கம் வரும்.

வெப்பம் இதனோடு சேர்ந்தது. முழு வேலை செய்யும்போது கழிவு வாயுவின் உஷ்ணம் 850, 900 டிகிரி சென்டிகிரேடை எட்டும். டர்போசார்ஜரின் கூடு இருட்டில் செந்நிறமாய் ஒளிர்வதைக் காணலாம். அருகிலுள்ள பிரேக் குழாயிலுள்ள திரவம் கொதித்தால் பிரேக் பிடிக்காது. மின்கம்பியின் உறை உருகினால் தீப்பிடிக்கும். எனவே தகடுகளைக் கொண்டு மறைப்புக் கட்ட வேண்டும். அச்சின் நடுக்கூட்டைச் சுற்றி நீரும் ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தியபின் அங்கே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகாமல் காப்பது அந்நீரே.

குழாய்களையும் குளிர்விப்பானையும் பொருத்துவது ஒரு மாலைப்பொழுது வேலை, விவரிக்க ஏதுமில்லை. ஆனால் குளிர்விப்பான் ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கடல்மட்டத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. (முன்னே கூறிய 14.7 பங்கு காற்றுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை; எண் ஒன்றாக அமைந்தது தற்செயல். மாணவர்கள் குழம்ப வேண்டா.) நண்பரின் தொகுதி இதன்மேல் 6 பவுண்டு சேர்க்கிறது. 20.7ஐ 14.7ஆல் வகுத்தால் 1.41. ஆகவே நூற்றுக்கு 41 பங்கு காற்று கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று தோன்றும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் அறிவர். அமுக்கிய காற்று சூடாகும். 30 டிகிரியில் புகுந்த காற்று, இத்தகைய விசிறியில் ஏறக்குறைய 75 டிகிரியாக வெளிவரும். சூடான காற்று விரிந்து மெலிந்தது. அதைக் கணக்கில் கழித்தால், உண்மையில் மிகுந்தது நூற்றுக்கு 23 பங்கே. குளிர்விப்பானில் செலுத்தி 45 டிகிரிக்கு இறக்கினால் 34 பங்கு ஆகிறது. முன்னிருந்த 116 குதிரையை இதனால் பெருக்கினால் 155. நடைமுறை இழப்புகள் போகச் சற்றுக் குறையும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காற்று வருகிறது. அதற்கேற்ற பெட்ரோலை யார் அனுப்புவது? இந்தக் காரில் காற்றை அளப்பது, வில்லால் பிடிக்கப்பட்ட ஒரு சிறு கதவு. காற்று எவ்வளவு தள்ளித் திறக்கிறதோ அதைப் பார்த்துக் கணிப்பொறி பெட்ரோலை அளந்து விடுகிறது. கதவு முழுவதும் திறந்துவிட்டால், அதற்குமேல் வரும் காற்றைக் கணிப்பொறி அறியவே அறியாது. பழைய தொகுதிகளில், காற்றழுத்தம் ஒரு பங்கு ஏறினால் பெட்ரோலின் அழுத்தத்தைப் பல பங்கு ஏற்றும் ஒரு வால்வை வைத்துச் சமாளித்தார்கள். பின்னர் வந்தவற்றில் பெரிய இன்ஜெக்டர்களும், நாமே எண்களை எழுதித் திருத்தக்கூடிய கணிப்பொறியும் வந்தன. நண்பர் வைத்தது இவ்விரண்டாம் வகை.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்? தீப்பொறி விழுந்ததும் சுடர் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பரவிச் செல்கிறது. அது வெடிப்பன்று, விரைந்த எரிதல். சுடர் வந்து சேருமுன் மறுமூலையில் மிஞ்சிய கலவை நசுங்கிச் சூடேறுகிறது. சூடு மிகுந்தால் அக்கலவை சுடருக்காகக் காத்திராமல் தானே ஒரு கணத்தில் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை உலோகத்தில் மோதும் ஓசையையே ‘நாக்கிங்’ என்கிறோம். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போலிருக்கும். பிஸ்டனின் பரப்பைக் காத்துவந்த மெல்லிய வாயுப் படலத்தை அது துடைத்தெறிகிறது. வெப்பம் நேரே அலுமினியத்தில் பாய்கிறது. வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்பு முறியும். சில வேளை பிஸ்டனில் ஓட்டையே விழும். முழு விசையில் இது நிகழ்ந்தால் சில விநாடிகளே போதும். காற்றின் இரைச்சலில் ஓட்டுபவர் காதில் ஓசை விழாமலே போவதும் உண்டு.

இதைத் தடுக்க நான்கு காவல்கள். முதலாவது, அமுக்கும் வேளையில் 14.7 என்ற அளவை விட்டு, காற்றை 11.5 முதல் 12 பங்குக்குள் நிறுத்தி, பெட்ரோலை மிகையாக ஊட்டுவது. மிகைப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே குளிர்விக்கும். இரண்டாவது, தீப்பொறியைத் தாமதித்து இடுவது. ஏறும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி என்று தொடக்கக் கணக்காகக் கொள்வர். மூன்றாவது, உயர்ந்த ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோல். நான்காவது, முன்னே கண்ட குளிர்விப்பான். 9.4 என்ற அமுக்கத்தை மாற்றாதவருக்கு இந்நான்கில் ஒன்றுகூடத் தவறலாகாது.

1962இல் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போசார்ஜர் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அமுக்கம் 10.25. நாக்கிங் வராதிருக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் பீற்றினார்கள். அதற்குத் தனித் தொட்டி. அதை நிரப்புவது சொந்தக்காரர் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. தொட்டி வற்றினால் அழுத்தத்தைத் தானே குறைக்கும் காவல் ஒன்றும் இருந்தது; அது வேலை செய்தபோது, கார் மந்தமாகிவிட்டது என்று குறைகூறினர். 1965இல் அக்கம்பெனி, விரும்பியவர்களுக்கு டர்போசார்ஜரைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. எஞ்சினியர்கள் கணக்கிலே பிசகவில்லை. வாங்கியவர் ஒவ்வொருவரும் அக்கணக்கை நாள்தோறும் நினைவில் வைப்பார் என்று எதிர்பார்த்தார்கள்; அது நடக்கவில்லை. வீட்டில் பூட்டிக்கொள்பவருக்கு எஞ்சினியரும் அவரே, சொந்தக்காரரும் அவரே.

நண்பர் முதலில் தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவைத்து, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை எஞ்சினை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றினார். புதிய டர்போசார்ஜர் உலர்ந்து சுழன்றால் அதன் ஆயுள் அங்கேயே முடிந்தது. பிறகு எஞ்சினை உயிர்ப்பித்து, பத்து நிமிஷம் நிற்கவைத்து ஓடவிட்டோம். கையில் விளக்குடன் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெயோ நீரோ கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓரிடத்தில் நீர்த் துளி கண்டேன். பட்டையை அரைத் திருப்பம் இறுக்கியதும் நின்றது.

அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினார். மடிக்கணிப்பொறி என் மடியில். புகைக்குழாயில் பொருத்திய உணர்கருவி, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை நொடிதோறும் எழுதிக்கொண்டிருந்தது. முதல் நாள் 4,000 சுற்றுக்கு மேல் போகவில்லை. விகிதம் 12.5ஐத் தாண்டினால் நான் கையை உயர்த்த வேண்டும். அவர் காலை எடுத்துவிடுவார். இருமுறை உயர்த்தினேன். வீடு திரும்பி அந்தக் கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டி எழுதினார். 3,000 சுற்றுக்குக் கீழே கார் பழைய காராகவே இருந்தது. அதைத் தாண்டியதும் மானியின் முள் பூஜ்யத்தைக் கடந்து வலப்புறம் சாய, முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போன்ற உணர்ச்சி. கழிவு வாயு பெருகிச் சக்கரம் வேகம் பிடிக்க ஆகும் அந்தத் தாமதம் இச்சாதனத்தோடு பிறந்தது.

அழுத்தம் 6 பவுண்டை எட்டியதும் ஒரு சிறு கதவு திறந்து, கழிவு வாயுவின் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியேற்றிவிடும். அக்கதவை ஏமாற்றி 10 பவுண்டு வரை ஏற்ற வல்ல சிறு வால்வு ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. இதைப் பூட்டுவது கால்மணி வேலை. நண்பர் பூட்டவில்லை, கிளட்ச் தாங்காது என்று காரணம் சொன்னார்.

நூறு மைல் ஓடியபின், எஞ்சின் நன்றாக ஆறிய காலை வேளையில், கிளைக்குழாயின் நட்டுகளை அளவு ஸ்பேனரால் மீண்டும் இறுக்கினோம். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கியதில் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. ஐந்நூறு மைலில் எண்ணெயை மாற்றினார். பழைய வடிகட்டியை அறுத்து, அதன் மடிப்புத் தாள்களை விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். உலோக மினுக்கம் ஏதும் தென்படவில்லை.